இருங்க

கடைசி வீட்டிலிருந்து மட்டும் யாரும் பணம் கேட்கவில்லை.

மற்ற வீடுகளுக்கு முன்பணம் கட்டியவர்கள் எல்லாரும் புயல் ஓய்ந்த மறுநாளே போனைக் கையில் எடுத்துவிட்டார்கள். கெஞ்சினவர்கள் பாதி, கோர்ட்டுக்கு இழுப்பேன் என்றவர்கள் பாதி. தேனிலவு பாழாகிவிட்டதென்று ஒரு புது மாப்பிள்ளை அழுதே விட்டான். பணம் திரும்பி வரும் என்றதும் அழுகை நின்றுவிட்டது. எல்லாரிடமும், அலுவலகத்தில் போனை எடுக்கும் அவள் முதலில் சொல்வது ஒரே வார்த்தைதான். இருங்க. இருங்க பார்க்கிறேன், இருங்க கேட்டுச் சொல்கிறேன், இருங்க வைத்துவிடாதீர்கள். இந்த ஒரு வார்த்தையை வைத்தே அம்மா வண்டியை ஓட்டுகிறாள் என்று பெருக்கித் துடைக்க வரும் பெண்கள் கேலி செய்வார்கள். அவளுக்கு அவர்கள் வைத்த பெயரே இருங்கம்மா.

கடலோரம் வரிசையாக நின்ற அந்த விடுமுறை வீடுகளுக்கு அவளுடைய அக்கா புருஷன்தான் முதலாளி. கட்டினவன் அவளை விட்டுவிட்டுப் போனபோது, "நான் இருக்கேன்ல" என்று கூட்டிவந்து இந்த அலுவலகத்து நாற்காலியில் உட்கார வைத்தவர். மாமா காக்கை வெள்ளை என்றால் அவளுக்கும் வெள்ளைதான். இப்போதும் விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். வராதவர்களுக்கு முழுப் பணம். நாம் வண்டி வைத்து வெளியேற்றியவர்களுக்குப் பாதி. தானாக ஓடியவர்களுக்கு ஒன்றும் கிடையாது.

கடைசி வீட்டுக் குடும்பம் வண்டியில் போனவர்கள். பாதி வரவேண்டும். கேட்டால் கொடுக்கலாம், கேட்க மாட்டேன் என்கிறார்களே என்று அவளே கூப்பிட்டுப் பார்த்தாள். புருஷன் எண்ணும் அணைந்திருந்தது, பெண்டாட்டி எண்ணும் அணைந்திருந்தது. மாமாவிடம் சொன்னதற்கு அவர் சிரித்தார். கேட்காதவனைத் தேடிப்போய்க் கொடுக்க நாம் என்ன வள்ளலா என்றார்.

புயலுக்கு முன் ஜன்னல்களில் அடித்த பலகைகளை இன்னும் யாரும் கழற்றவில்லை. வெளியே நல்ல பகலாக இருந்தும் உள்ளே பொழுது சாய்ந்த மாதிரி இருந்தது. பலகை இடுக்குகளில் மட்டும் வெளிச்சம் கோடு கோடாக நின்றது. பின்பக்கம் ஜெனரேட்டர் ஓயாமல் இரைந்துகொண்டிருக்க, டீசல் புகைக்கும் அடியில் ஊறிப்போன மெத்தையின் வாடை ஒன்று அறை முழுக்கத் தங்கியிருந்தது. விருந்தாளிகள் காத்திருக்க என்று கதவோரம் போட்ட நீள சோபாவைக் காலையில்தான் துடைத்திருந்தாள். இப்போது பார்த்தால் மறுபடி ஈரம். மேலே ஒழுகவில்லை. சோபாவின் ஒரு பாதியில் மட்டும், ஆள் உட்கார்ந்து எழுந்த மாதிரி, பெரிதாக இரண்டு ஈரத் தடம், நடுவில் சின்னதாக ஒன்று. உப்புத் தண்ணீர் லேசில் காயாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி துடைத்தாள். துணியில் மணல் ஒட்டியது.

புயல் அடித்த அன்றைக்கு மத்தியானம் கடைசி வீட்டுப் பெண் இன்டர்காமில்தான் கூப்பிட்டாள். அலை படிக்கட்டுக்கு வந்துவிட்டது என்றாள். பின்னால் குழந்தை ஒன்று, வண்டி வருமா வண்டி வருமா என்று ராகம் போட்டுக்கொண்டிருந்தது.

"நாங்க கிளம்பட்டுமா, இல்ல இருக்கட்டுமா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

"இருங்க," என்றாள் இவள். மாமாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அர்த்தம். ஓடிப்போய்க் கேட்டாள். வண்டி அனுப்புகிறேன், நீ கவலைப்படாதே என்றார். திரும்பி வந்து ரிசீவரை எடுத்தபோது லைன் செத்திருந்தது. ராத்திரி மாமாவே தோளைத் தட்டி, டிரைவர் அவர்களைப் பத்திரமாக டவுனில் இறக்கிவிட்டான் என்று சொன்னார். அந்த ஒரு வார்த்தையில்தான் அவள் அன்றைக்குத் தூங்கினாள்.

இப்போது டிரைவர் வண்டிச் சாவியைக் கொடுக்க வந்தார். உப்பிப்போன கதவைத் தோளால் இடித்துத் திறந்துகொண்டு உள்ளே வந்தவரிடம், அந்தக் குடும்பத்தை எங்கே இறக்கிவிட்டீர்கள் என்று சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"எந்தக் குடும்பம்மா?"

சொன்னாள். டிரைவர் சாவியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு யாரும் சொல்லலையே. வண்டியில உங்க அக்கா வீட்டு ஃப்ரிட்ஜும் கட்டிலும்தான் போச்சு. மேட்டுல இறக்குறதுக்குள்ள பாதை அறுந்துடுச்சு."

டிரைவர் குரலைத் தணித்து மிச்சத்தையும் சொன்னார். அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது மணல் மேடுதான் இருக்கிறதாம். நாளைக்குத் தோண்டப் போலீஸோடு ஆள் வருகிறார்களாம். முதலாளி அவர்களிடம் ஏற்கனவே பேசிவிட்டாராம்.

"நீங்கதான் அவங்கள இருக்கச் சொன்னீங்கன்னு சார் சொல்றாரும்மா. நான் கேட்டேன், அதான் சொல்றேன்."

அவர் கதவை இழுத்து அடைத்துவிட்டுப் போனார். மரம் மரத்தில் இறுகும் சத்தம் கேட்டது.

அக்காவைக் கூப்பிட்டாள். பொய் என்று சொல்லு அக்கா என்று கெஞ்சினாள்.

"நீதானே இருங்கன்னு சொன்னே? நாங்க ஒண்ணும் இட்டுக்கட்டலையே." அக்கா மூக்கை உறிஞ்சினாள். "மாமாவுக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குடி. நீ தனி ஆளு."

போன் கட்டாகிவிட்டது. தனி ஆளு. ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவள் வாயிலிருந்து வந்த வார்த்தை. பெற்றவர்களுக்குப் பிறகு அவள் உலகத்தில் நம்பியது இரண்டே பேரை. அந்த இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி, யாரைக் கொடுத்துத் தப்பிப்பது என்று முடிவு செய்திருக்கிறார்கள். ஃப்ரிட்ஜுக்கு வண்டியில் இடம் இருந்திருக்கிறது.

ஜெனரேட்டர் இருமி, இழுத்து, நின்றது.

அந்த இரைச்சல் போனபிறகுதான் அதற்கு அடியில் வேறொரு சத்தம் இருந்தது தெரிந்தது. அரிசியை முறத்தில் சாய்க்கிற மாதிரி, மெல்ல, விடாமல். வெளியே சுவர் நெடுக. காற்றில் மணல் அடிக்கிறது போலும். ஆனால் காற்று இல்லை. பலகை இடுக்கில் நின்ற வெளிச்சக் கோடுகளில் ஒன்று கீழேயிருந்து மேலாக அணைந்தது.

இன்டர்காம் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

கடைசி வீடு.

கரண்ட் இல்லை. கம்பி புயலிலேயே அறுந்துவிட்டது. பெட்டி கூப்பிட்டது. எடுக்கக்கூடாது என்று நினைத்தாள். பல வருஷத்துப் பழக்கம், கை எடுத்துவிட்டது. வாயும் கேட்காமலே பேசிவிட்டது.

"இருங்க..."

"இருக்கோம்," என்றது அந்தப் பெண்ணின் குரல். கோபமே இல்லை. பேச்சு நடுவில் வாயிலிருந்து மணல் மாதிரி ஏதோ உதிரும் சத்தம். "நீங்க சொன்ன மாதிரியே இருக்கோம்."

"கிளம்புங்க. ஐயோ, கிளம்பிடுங்கம்மா. நான் அந்த அர்த்தத்துல சொல்லல."

"வண்டி?"

பின்னால் குழந்தை ராகம் போட்டது. வண்டி வருமா. வண்டி வருமா. ரிசீவரை வைத்தாள்.

ராகம் நிற்கவில்லை. அறைக்குள் கேட்டது.

கதவுக்கு ஓடினாள். இழுத்தாள். அசையவில்லை. கதவடியில் மணல் நாக்கு நீட்டி உள்ளே வந்துகொண்டிருந்தது. ஈர மணல். இன்னொரு கோடு அணைந்தது. கைபேசியில் விரல் தானாகப் போனது மாமாவின் எண்ணுக்குத்தான். வேறு யாரையும் அவளுக்குத் தெரியாது.

எடுத்தார். மாட்டிக்கொண்டேன், மணல் உள்ளே வருகிறது, யாரையாவது அனுப்புங்கள் என்று கத்தினாள். எதிர்ப்பக்கம் அக்கா ஏதோ கேட்பதும், அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு பதில் சொல்வதும் கேட்டது. அப்புறம் அதே குரல். தோளைத் தட்டின குரல்.

"இரும்மா. வண்டி அனுப்புறேன்."

கைபேசி வெளிச்சம் அணைந்தது.

மணல் முழங்காலுக்கு வந்துவிட்டது. ஒரே ஒரு கோடு மிச்சம். அது கதவோரத்து சோபாவில் விழுந்தது. அங்கே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் பைகள். கட்டிமுடித்து, கிளம்பத் தயாரான பைகள். மூன்று முகமும் கதவைப் பார்த்திருந்தன. தலைமுடியிலிருந்து மணல் சொட்டிக்கொண்டிருந்தது.

நடுவில் இருந்த குழந்தை அவள் பக்கம் திரும்பியது. அம்மாவை ஒட்டி நகர்ந்து, தன் பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டது. ஈரமான சின்னக் கையால் அந்த இடத்தைத் தட்டிக் காட்டியது.

"இருங்க," என்றது.