கருணாகரனின் மீசை

செவ்வாய்க் கிரகக் குடியிருப்பில் படம் பார்க்கப் போகிறவர்கள் முதலில் பிடரியை நாற்காலியில் ஒட்டவைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும். அதற்குள் அவர்கள் மனதில் படத்துக்கு மூலமான நாவலின் நாயகன் கருணாகரன் எப்படி இருக்கிறான் என்பதை 'மனவாங்கி' என்ற கருவி படித்துவிடும். பிறகு திரையில் அவரவர் கண்ணுக்கு அவரவர் நாயகனே தெரிவான். ஒரே படம், முந்நூறு கருணாகரன்கள்.

இந்த மனவாங்கியைச் செய்தவள் செண்பகவல்லி. முதல் கப்பலிலேயே பூமியிலிருந்து வந்துவிட்ட பழைய காதல் நாவல் ஒன்றைத்தான் படமாக்கியிருந்தாள். அதை நான்கு முறையாவது படிக்காதவர் அங்கே கிடையாது.

முதல் நாள் அரங்கம் நிரம்பியது. வாசலில் நின்று, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"நான் நினைச்ச மாதிரியே இருந்துச்சும்மா" என்றார்கள். அதற்கு மேல் யாருக்கும் பேச்சில்லை. மூன்றாம் நாள் வந்தவர்கள் பதினோரு பேர்.

வாரக் கடைசிக்குள் கூட்டம் வராவிட்டால் அரங்கம் காளான் பண்ணைக்கு என்று குடியிருப்பு மன்றம் சொல்லிவிட்டது. பண்ணைக்காரர் வேதமாணிக்கம் இப்போதே வந்து சுவரை அளந்துகொண்டிருந்தார். செண்பகவல்லி நேராக அவரிடம் போய் நின்றாள். ஆறு வருட உழைப்பு அல்லவா?

"ஏன் சார், உங்களுக்கு அந்த நாவல் பிடிக்காதா?"

"பிடிக்காமலா? எங்க கல்யாணமே அதப் பத்திப் பேசிப் பேசி நடந்ததுதான். படம் பார்த்துட்டு வந்து, 'நல்லா இருந்துச்சு'ன்னேன். எங்க வீட்டம்மா 'ஆமா'ன்னா. அவ்வளவுதான், தூங்கிட்டோம்."

அன்றே அவள் மனவாங்கியை அணைத்தாள். எல்லோருக்கும் ஒரே கருணாகரன். அவனுக்கு மழமழவென்று சவரம் செய்துவிட்டாள். மழையில் பிரியும் காட்சியில் மழையையும் நிறுத்தினாள்.

வாரக் கடைசிக் காட்சியில் முதலில் கத்தியவர் வேதமாணிக்கம்தான். "கருணாகரனுக்கு மீசை எங்க?"

"மீசை இருந்துச்சுன்னு எந்தப் பக்கத்துல எழுதியிருக்கு?" என்றாள் அவர் மனைவி.

"எழுதணுமா? அவன் பேசறதுலேயே தெரியலையா?"

படம் முடிந்தும் யாரும் கலையவில்லை; நடைபாதையில் நின்று வாதாடினார்கள். இரவுக்குப் பிராணவாயுவைக் குறைக்கப் போவதாக எச்சரிக்கும் மணி மூன்று தரம் அடித்த பிறகுதான் நடைபாதை காலியானது.

மறுநாள் வாசலில் நீண்ட வரிசை நின்றது, ஆளுக்கொரு நாவல் பிரதியோடு. செண்பகவல்லிக்கு வாயெல்லாம் பல். வரிசையின் முதலில் நின்றவரிடம், "அரங்கத்தை எப்ப சார் எடுத்துக்கறீங்க?" என்றாள்.

"அது கிடக்கட்டும்மா. நாவலை இப்படியா கொலை பண்ணுவீங்க?" என்று எரிந்து விழுந்தார் வேதமாணிக்கம். "எங்க ரெண்டு பேருக்கும் முன் வரிசையில இடம் போடுங்க. இன்னும் எங்கெங்க கெடுத்து வெச்சிருக்கீங்கன்னு பார்க்கணும்."