ஒரு குறையும் இல்லை

தான் பிடுங்கியது தன்னுடைய சார்ஜரைத்தான் என்று அவள் சத்தியமே செய்திருப்பாள். ஆனால் அணைந்தது எதிரில் இருந்தவனுடைய லேப்டாப்.

நூலகத்தின் வாசிப்பு அறையில் அன்று மழைக்கு ஒதுங்கிய கூட்டம். சுவரோரம் இருந்த ஒரே பிளக் போர்டில் எல்லாருடைய கறுப்பு ஒயர்களும் பின்னிக் கிடந்தன. இருக்கையை மாற்றிக்கொள்ளலாம் என்று அவள் ஒன்றை இழுத்தாள்... அது அவனுடையது. அவனுடைய பழைய லேப்டாப்பில் பேட்டரி பெயருக்குத்தான் இருந்தது போல. திரை கறுத்ததும் அவன் மெதுவாக நிமிர்ந்து பார்த்தான்.

பெரிய கண்கள். கோபத்தில்கூட அவசரப்படாத கண்கள்... இந்த நேரத்தில் இது ரொம்ப முக்கியமா என்று அவள் தன் மனசை அதட்டினாள்.

"காலையிலேர்ந்து கம்பைல் ஆயிட்டிருந்தது," என்றான். எழுதிய புரோகிராமைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற எந்திர மொழிக்கு மாற்றுகிற வேலை; பெரிய புரோகிராம் என்றால் மணிக்கணக்கில் ஓடும்.

"சாரிங்க... ஆனா திரும்பப் போட்டா விட்ட இடத்துலேர்ந்துதானே ஓடும்? முடிஞ்ச ஃபைலை அது மறுபடி தொடாதுல்ல?"

அவன் கோபம் பாதி வழியில் நின்றுவிட்டது. மழைக்கு ஒதுங்கி வந்து அடுத்தவன் பிளக்கைப் பிடுங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

"பாதி எழுதின ஃபைல் ஒண்ணு கெட்டிருக்கும்," என்றான், விட்டுக்கொடுக்காமல்.

"அந்த ஒண்ணை மட்டும் அழிச்சுட்டுப் போடுங்க."

அவன் அவள் சொன்னபடியே செய்தான். எதிர் நாற்காலியில் கிடந்த தன் பையை எடுத்துக் கீழே வைத்தான். உட்காரச் சொல்கிறானாம்... வாயைத் திறந்து சொன்னால் முத்து உதிர்ந்துவிடும்!

அவள் உட்கார்ந்தாள். அவளுக்கும் அன்று தலை போகிற வேலை. ஓர் ஆய்வுக்கூடத்தில் அவளும் வேறு இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கருவியை உருவாக்கியிருந்தார்கள். ஒரு புரோகிராமைச் சோதிக்க ஊரில் எல்லாரும் ஐந்தைக் கொடுத்துப் பார்ப்பார்கள், பத்தைக் கொடுத்துப் பார்ப்பார்கள். அவள் கருவி எந்த எண்ணையும் கொடுக்காது. 'ஏதோ ஒன்று' என்று வைத்துக்கொண்டு உள்ளே நுழையும். பாதை பிரிகிற இடத்தில் எல்லாம் இரண்டு பக்கமும் போய்ப் பார்க்கும். எந்தப் பாதையில் புரோகிராம் தடுக்கி விழுகிறதோ, அங்கே அதைக் கொண்டுபோய் விடுகிற ஃபைலைத் தானே தயாரித்துக் கையில் கொடுக்கும்.

ஒரே சிக்கல்... கருவிக்கு எந்திர மொழி புரியாது. அதனால் ஒவ்வொரு புரோகிராமையும் அதற்குப் புரிகிற இடைமொழிக்கு அவள் புதிதாகக் கம்பைல் செய்து தர வேண்டும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பெரிய மனசோடு பலரும் இணையத்தில் போட்டு வைத்திருக்கும் புரோகிராம்கள்தான். அவர்கள் மனசு பெரிது. கம்பைல் செய்கிறவள் படும் பாடு அதைவிடப் பெரிது. மாத முடிவில் செயல்விளக்கம். அதன் பட்டியலில் முதலாவதாக அவள் போட்டிருந்தது, ஃபைல்களைச் சுருக்கி விரிக்கும் ஒரு புரோகிராம். அவள் கருவி எதற்காவது உதவுமா உதவாதா என்று ஆய்வுக்கூடம் அன்றுதான் முடிவு செய்யும்.

மழை ஜன்னலில் தாளம் போட்டது. அவள் திரையில் அந்தப் புரோகிராம் கம்பைல் ஆகி, வரிகள் ஓடி முடிந்தன. கடைசியில் ஒரு வரி வந்து நின்றது: 'ஒரு குறையும் இல்லை. எடுத்துக்கொள்ளலாம்.'

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "கம்பைல் ஆனதும் தன்னைத்தானே பாராட்டிக்குது பாருங்க. இதை எழுதினவருக்கு எவ்வளவு தலைக்கனம் இருக்கணும்?"

"நிறைய இருக்கும்," என்றான் அவன்.

"அவரைத் தெரியுமா?"

"தினமும் கண்ணாடியில பாக்கறேன்."

அவள் காது மடல் வரைக்கும் சூடேறியது. அவனோ முதல்முறையாகச் சிரித்தான்... சிரித்தால் இன்னும் மோசம், பார்க்காமல் இருக்க முடியவில்லை.

சிரிப்பு ரொம்ப நேரம் நிலைக்கவில்லை. கருவி ஓட ஆரம்பித்ததுமே முட்டிக்கொண்டு நின்றது. ஒரு பகுதிக்குள் அதனால் நுழையவே முடியவில்லை. வேகத்துக்காக அந்தப் பகுதியை மட்டும் அவன் எந்திர மொழியிலேயே கையால் எழுதியிருந்தான். அதைச் சாதாரண சி மொழியில் ஒருமுறை எழுதித் தர முடியுமா என்று அவள் கேட்டாள்.

அவன் முகம் மாறியது. வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்த வருஷத்தில் எழுதியது அது. உலகத்தில் எத்தனையோ எந்திரங்களில் இன்றைக்கும் ஓடுகிறது. 'நீ எதற்கும் உதவ மாட்டாய்' என்று சொன்னவர்களுக்கெல்லாம் அவன் சொன்ன பதில் அந்தப் பகுதிதான்.

"அதை விட்டுட்டு மத்ததைப் பாருங்க," என்றான்.

"விட்டுட்டுப் பாத்தா, பாத்தேன்னு எப்படிச் சொல்றது?"

"இத்தனை வருஷத்துல அதுல தப்புன்னு ஒருத்தர்கூடச் சொன்னதில்ல."

"உள்ள போய்ப் பாத்தவங்க யாரும் இல்லையோ என்னவோ..."

சொல்லியிருக்க வேண்டாம். சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. அவன் லேப்டாப்பை மூடினான். குடைகூட இல்லாமல் மழையில் இறங்கிப் போய்விட்டான்.

போனவன் சார்ஜரை விட்டுவிட்டுப் போயிருந்தான்.

வீட்டில் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அக்கா பல் டாக்டர். எல்லாவற்றையும் அந்தக் கணக்கிலேயே பார்ப்பாள். "பேட்டரி இல்லாதவன் சார்ஜரை விட்டுட்டுப் போயிருக்கானா? கவலைப்படாதடி... வலி பொறுக்காம அவனே வருவான்."

மறுநாளே வந்தான். சார்ஜரை வாங்கிக்கொண்டான், முகத்தைப் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் பேசவில்லை. இவளுக்கு மட்டும் என்ன, ரோஷம் இல்லையா?

ஒரு வாரம் கழித்து அதே மேஜையில் ஒரு பென் டிரைவை வைத்தான். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு.

"சி-ல எழுதிட்டேன். படிக்குப் படி அதேதான். குறை இல்லைன்னு உங்க கருவியே சொல்லட்டும்."

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். இந்த முறை அந்தப் பகுதியும் இடைமொழிக்குக் கம்பைல் ஆனது. கருவி உள்ளே நுழைந்தது. பாதைகள் பிரிந்துகொண்டே போயின. வெளியே மறுபடியும் மழை... அவன் தோளுக்கும் அவள் தோளுக்கும் நடுவே ஒரு புத்தகம் நுழையும் இடம்தான் இருந்தது. கருவி எதையாவது பிடித்துவிட வேண்டும் என்று ஏங்கியே பழகியவள், அன்றைக்கு முதல்முறையாக, கடவுளே எதுவும் கிடைக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள்.

கருவிக்கு அது கேட்கவில்லை. ஒரு பாதையில் நின்றது. சின்னதாக ஒரு ஃபைலைத் தந்தது. அந்த மாதிரி ஃபைல் வந்தால், அவன் புரோகிராம் எல்லையைத் தாண்டி ஒரே ஓர் இடம் அதிகமாகப் படித்துவிடுகிறது.

"சி-ல எழுதும்போது நான் தப்பு பண்ணியிருப்பேன்," என்றான். குரல் சன்னமாக இருந்தது.

அவள் அதே ஃபைலை அவனுடைய அசல் புரோகிராமுக்குக் கொடுத்தாள். அதுவும் அப்படியே விழுந்தது.

நீங்கள் சரிசெய்து வெளியிடுகிற வரைக்கும், மாத முடிவுச் செயல்விளக்கத்தில்கூட, யாரிடமும் மூச்சுவிட மாட்டேன் என்று அவள் சொன்னாள். அவன் தலையாட்டினான். இந்தத் தடவை சார்ஜரை ஒழுங்காகச் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

அப்புறம் ஒரு சேதியும் இல்லை. செயல்விளக்க நாள் வந்தது. கருவி பிடித்ததிலேயே பெரிய மீன் அதுதான்; ஆனால் அதைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. அதைச் சொல்லாமல் அந்தப் புரோகிராமைப் பற்றி மட்டும் பேசினால் அது பொய். அதனால் பட்டியலிலிருந்து அவளே எடுத்துவிட்டாள்.

உன் கருவியைவிட அவன் மானம் பெரிதா என்று அக்கா கேட்டாள். ரெண்டும் பெரிசுதான் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

கூடம் நிறைந்திருந்தது. சின்னச் சின்ன புரோகிராம்களில் கண்ட சின்னச் சின்ன பிழைகளை அவள் காட்டினாள். முன்வரிசையில் கொட்டாவிகள். ஆய்வுக்கூடத் தலைவர் காகிதத்தைப் புரட்டினார்.

"முதல்ல வேற ஒண்ணு போட்டிருந்தீங்களே... அதைக் கம்பைலே பண்ண முடியலையா?"

ஒரு வார்த்தை போதும், கூடமே நிமிர்ந்து உட்காரும். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் அதை விழுங்கினாள்.

"அது இன்னும் முடியல சார்."

"முடிஞ்சுது சார்."

கடைசி வரிசையில் அவன் எழுந்து நின்றான். சட்டையெல்லாம் மழையில் நனைந்திருந்தது.

"அந்தப் புரோகிராமை எழுதினது நான்தான். சரிபண்ணி இப்பதான் வெளியிட்டேன். அதுல இத்தனை வருஷமா ஒரு ஓட்டை இருந்திருக்கு, எனக்கே தெரியாது. இவங்க கண்டுபிடிச்சாங்க. இவ்வளவு நேரம் எனக்காகத்தான் வாயை மூடிக்கிட்டு நின்னாங்க. என் புரோகிராம்ல குறை இருந்தது சார்... இவங்க வேலையில ஒரு குறையும் இல்லை."

கூடம் திரும்பி அவனைப் பார்த்தது. பிறகு அவளைப் பார்த்தது. தலை குனிந்து பேச வேண்டிய பேச்சை அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பேசினான். அவளைப் பற்றிச் சொல்லும்போது அவன் குரலில் இருந்த பெருமை, தன் புரோகிராமைப் பற்றிச் சொன்னபோதுகூட இருந்ததில்லை. அவளுக்குக் கண் கலங்கியது. அதைக் காட்டிக்கொள்ளாமல் புதிய பதிப்பை இறக்கி எல்லார் முன்னாலும் கம்பைல் செய்தாள். கருவி எல்லாப் பாதைக்குள்ளும் போய் வந்தது, எங்கேயும் நிற்கவில்லை. கைதட்டலை ஆரம்பித்து வைத்தது தலைவர்தான்.

வெளியே வராந்தாவில் இருவரும் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"உங்க கருவி மாதிரியே நானும் எல்லாப் பக்கமும் போய்ப் பாத்துட்டேன்," என்றான் அவன். "கோபத்துலயே இருந்தா என்ன ஆகும், பேசாமயே இருந்தா என்ன ஆகும்னு... எந்தப் பக்கம் போனாலும் கடைசியில நீங்கதான் நிக்கறீங்க. எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு."

"என்கிட்ட கேக்கற பாதை ஒண்ணு பாக்கி இருக்கே."

"அதான் இப்ப கேக்கறேன்."

அவள் மழையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்கும் பிடிச்சிருக்கு... நீங்க அவ்வளவு கோபத்துல சார்ஜரை மறந்துட்டுப் போனீங்களே, அன்னிலேர்ந்து."

அவன் கொஞ்சம் தயங்கினான். தன் குறைகளை ஒப்புக்கொள்வது அவனுக்கு இன்னும் புதுப் பழக்கம்.

"வாசல்லயே ஞாபகம் வந்துடுச்சு," என்றான். "திரும்பி வந்து எடுத்திருக்கலாம். எடுக்கல."