தனிமைப்படுத்தப்பட்டவர்கள்: ஐந்து பேர்

அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள்: கோமளா, வயது ஐம்பத்தெட்டு. அவள் மகன் லோகேஷ், இருபத்தேழு. மஸ்கட்டிலிருந்து வந்து மாடி அறையில் தனித்திருக்கும் மகள் பானுப்பிரியா, முப்பத்தொன்று. பானுப்பிரியாவின் பெண் ரோஷினி, ஐந்து. ஜெயராமன், அறுபத்து மூன்று.

கேட்டில் மாநகராட்சி ஒட்டிவிட்டுப் போன தாளில் பெயர்கள் இந்த வரிசையில் இருந்தன. லோகேஷ் அதைப் படம் பிடித்து மாடிக்கு அனுப்பியிருந்தான். முந்தின நாள்வரை நான்கு பெயர்தான். ஐந்தாவதும் அதே நீல மையில், அதே சாய்ந்த எழுத்தில் இருந்தது. ஜெயராமன் லோகேஷுக்கும் பானுப்பிரியாவுக்கும் அப்பா. செத்துப் பதினேழு நாள் ஆகிறது என்பது கணக்கு. அந்தச் சாவை எழுதியவர்கள் இவர்கள்.

தினமும் காலை பதினோரு மணிக்குக் காய்ச்சல் பார்க்க மாநகராட்சியிலிருந்து ரேவதி என்கிற பெண் வருவாள். மறுபடி அவள் தலை தெரிந்ததும் பானுப்பிரியா ஜன்னலில் நின்று, அந்தப் பெயரை யார் எழுதச் சொன்னது என்று கேட்டாள். ரேவதி முகக்கவசக் கண்ணாடியை நிமிர்த்தி மேலே பார்த்தாள்.

"அவருதான்க்கா சொன்னாரு. மாடிப்படியாண்ட நின்னுகினு இருந்தாரு. பேரு கேட்டேன், வயசு கேட்டேன், சொன்னாரு. காய்ச்சல்தான் பாக்க முடியல. நெத்தியில வச்சா 'லோ'ன்னு காட்டுது. பேட்டரி போயிருச்சுன்னு பாத்தா, அடுத்த ஊட்ல நல்லாத்தான் வேலை செய்யுது."

அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை என்றாள் பானுப்பிரியா. ரேவதிக்கு இன்னும் முப்பது வீடு பாக்கி இருந்தது. எழுதினதை அடிக்க அதிகாரி வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பானுப்பிரியாவும் அவள் கணவன் ஜஸ்டினும் மஸ்கட்டில் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார்கள். அவளுக்குச் சலவைப் பிரிவு, அவனுக்கு வண்டி ஓட்டுவது. இரண்டு வருடம் அலைந்து, பாட்டியிடம் வளரும் பிள்ளைக்கு விசா வாங்கியிருந்தார்கள். செப்டம்பர் பதின்மூன்றாம் தேதிக்குள் பிள்ளை அங்கே இறங்க வேண்டும். தவறினால் விசா செத்துவிடும். புது விசாக்களை அந்த வருடம் நிறுத்தி வைத்திருந்தார்கள். அவளுக்குக் கிடைத்தது பதினைந்து நாள் விடுப்பு. கொரோனா விதிப்படி அதில் முதல் ஏழு நாள் ஓட்டலில் அடைந்து கிடக்க வேண்டும், பிறகு ஏழு நாள் வீட்டில். ரோஷினி அவளைப் போன் திரையில் பார்த்தாலே ஓடி ஒளிகிற பிள்ளை. ஏழு நாளில் ஒட்டாது. கதறக் கதறத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும். பானுப்பிரியாவுக்குப் பதினான்கு நாளும் வேண்டும்.

ஓட்டலுக்குப் போகாமல் நேரே வீட்டுக்குப் போகச் சிலருக்கு அனுமதி இருந்தது. கர்ப்பிணிகள், பெரிய வியாதிக்காரர்கள், வீட்டில் சாவு விழுந்தவர்கள். அவள் விண்ணப்பத்தின் அந்தக் கட்டத்தை வெறித்துக்கொண்டிருந்தபோது போனில் லோகேஷ் சொன்னான். "நம்மாண்டதான் ஒரு ஆளு கீறானேக்கா. உசுரோட கீறானா இல்லியான்னே தெரியாது. அந்தாள சாவடிச்சிரலாம்."

அவள் சிரித்துவிட்டாள். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், அம்பத்தூரில் கடைசல் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அந்த மனிதன், அம்மாவின் முன்பல் இரண்டை உடைத்துவிட்டு ஒரு பையோடு வெளியே போனான். திரும்பவில்லை. யாரும் தேடவுமில்லை. அவனால் யாருக்காவது ஒரு உபயோகம் என்றால் இதுதான் முதல் தடவை.

லோகேஷுக்குத் தெரிந்த ஒருவர் மூலம் இறப்புச் சான்றிதழ் வந்தது. இறந்த இடம்: சொந்த வீடு, கோவில்பதாகை. யாராவது வந்து விசாரித்தால் நம்ப வேண்டுமே என்று கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்துச் சுவரில் ஒட்டினார்கள். போஸ்டரில் பதினாறாம் நாள் காரியத்துக்கு ஒரு வரி உண்டு. அச்சுக்கடைக்காரன் தேதி கேட்டான். லோகேஷ் விரல்விட்டு எண்ணிச் சொன்னான். செப்டம்பர் எட்டு, இல்லத்தில். பழைய போட்டோவைத் தேடி எடுத்து மாலை போட்டார்கள். கோமளா அன்றுவரை பொட்டும் தாலியுமாகத்தான் இருந்தாள். யாரும் சொல்லாமலே தாலியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். பொட்டு அழிந்த இடம் வெயிலே படாத தோல் மாதிரி வெளுத்துக் கிடந்தது. அன்றைக்கு அம்மா இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டாள் என்று லோகேஷ் சொன்னான்.

எட்டாம் தேதி வந்தது. எல்லோரும் மறந்திருந்தார்கள். ஒரு காக்காய்க்குக்கூட யாரும் சோறு வைக்கவில்லை. ஒன்பதாம் தேதி காலையில் தாளில் ஐந்து பெயர்.

ரயில் ஓடாத காலம் அது. நெமிலிச்சேரிப் பக்கமிருந்து வரும் ஹாரன் சத்தம் இல்லாமல், தெருவில் பிளீச்சிங் பவுடர் வாடையும் வெயிலும் மட்டும் நிறைந்து, பகல் ஒரு மூடின பாத்திரத்துக்குள் இருப்பதைப் போல அடைத்துக் கிடந்தது. அந்த அடைப்பில், மத்தியானம் இரண்டு மணிக்கு, கட்டிலில் படுத்திருந்த பானுப்பிரியாவுக்கு பீடி வாடை வந்தது. பீடிக்கு அடியில் இன்னொரு வாடை. சூடான இரும்பின் மேல் எண்ணெய் சொட்டினால் எழும் வாடை, பட்டறையிலிருந்து வரும் சட்டையில் இருக்குமே, அது. சின்ன வயதில் அது தெருமுனையில் வரும்போதே அவள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மூலைக்குப் போய்விடுவாள். இப்போது அவள் முதுகு தானாகவே சுவரைத் தேடியது. அதை நினைத்து அவளுக்கு ஆத்திரம் வந்தது. கீழே கூப்பிட்டுக் கேட்டாள். லோகேஷுக்கு எந்த வாடையும் இல்லை. அம்மா பாத்திரம் தேய்க்கிற சத்தம் மட்டும் வந்தது.

அறையில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. அவள் அதை ஜன்னலைப் பார்த்துப் போட்டிருந்தாள். குளித்துவிட்டு வந்தபோது அது கட்டிலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. ஜன்னல் பக்கமே திருப்பி வைத்தாள். சாப்பாட்டுத் தட்டை எடுக்கப் படிவரை போய் வந்தாள். மறுபடி கட்டிலைப் பார்த்து. நடுவில் லேசாகக் குழிந்து, யாரோ உட்கார்ந்திருப்பது போல.

அவள் காலால் உதைத்து நாற்காலியைச் சுவரோரம் தள்ளினாள். "நீ செத்தாச்சு," என்றாள் உரக்க. "சீல் வச்ச தாள் என்கிட்ட இருக்கு."

ஆனால் ரோஷினி படியேறுவதை நிறுத்திவிட்டாள். முதல் நாள் கீழ்ப்படியில் உட்கார்ந்து முறைத்த பிள்ளை, ஒரு நாளைக்கு ஒரு படியாக ஏறி வந்து, மேலேயிருந்து மம்மி சொல்லும் கதைக்குப் பதில் பேசுகிற அளவுக்கு வந்திருந்தது. இப்போது மறுபடி கீழ்ப்படிக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. ஏன்டி வரலை என்று கேட்டதற்கு, மம்மியைத் தாண்டிப் பார்த்துக்கொண்டே சொன்னது:

"அந்தத் தாத்தா மாஸ்க்கே போடல."

வியாழக்கிழமை பரிசோதனைக்கு ஆள் வந்தான். விமானம் ஏற எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் எடுத்த முடிவு வேண்டும், பானுப்பிரியாவுக்கும் பிள்ளைக்கும். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உறைக்குள் வேர்த்துக்கொண்டிருந்த அந்த ஆள் கீழே ரோஷினிக்கு எடுத்துவிட்டு மாடிக்கு வந்தான். அறை வாசலில் பானுப்பிரியாவை நிற்க வைத்து மூக்குக்குள் குச்சியை விட்டான். குச்சி கண்ணுக்குப் பின்னால்வரை போவதுபோல இருந்தது. கண் இரண்டிலும் நீர் கொட்டியது. துப்பட்டாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தும்மினாள்.

இருட்டில் அவன் குரல் மட்டும் கேட்டது. அவளைத் தாண்டி, அறைக்குள் நகர்ந்தது.

"பெருசு, வாயை நல்லாத் தொறங்க. இன்னும். இன்னும் கொஞ்சம். போதும், போதும்."

துப்பட்டாவை எடுத்தபோது அவன் ஒரு குழாயை மூடித் தாளில் எழுதிக்கொண்டிருந்தான். யாரிடம் பேசினாய் என்று கேட்டாள். உறைக்குள் அவனுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. தன் தாளில் உள்ள மூன்று பேருக்கும் எடுத்தாயிற்று என்று சொல்லிக்கொண்டே வேகமாகப் படியிறங்கினான். கீழே போனதும் லோகேஷிடம், அந்தப் பெரியவருக்கு வாய் ஏன் அப்படித் திறக்கிறது என்று கேட்டானாம்.

சனிக்கிழமை பன்னிரண்டு மணி. இரவு ஒன்பதுக்கு விமானம். மூன்று மணிக்குக் கார். பெட்டி கட்டியாகிவிட்டது. போனில் முடிவுகள் வந்தன. பானுப்பிரியா: நெகட்டிவ். ரோஷினி: நெகட்டிவ்.

ஜெயராமன்: பாசிட்டிவ்.

சிறிது நேரத்தில் ரேவதி கூப்பிட்டாள். அதிகாரி நாலு மணிக்கு வருகிறார் என்றாள். நோயாளியைக் காட்ட வேண்டும். தனி அறை, தனி கழிப்பறை இருந்தால் வீட்டிலேயே வைத்துப் பூட்டலாம். இல்லாவிட்டால் வண்டியில் ஏற்றிவிடுவார்கள். பானுப்பிரியா அப்பா செத்துவிட்டார், சான்றிதழ் இருக்கிறது என்று கத்தினாள்.

"அக்கா, செத்தவரு எச்சிலு லேபுக்கு எப்டிக்கா போவும்? நான் கேக்கல. அவரு கேப்பாரு. அந்தாளு உசுரோட கீறாருன்னா உன் சர்ட்டிபிகேட்டு பொய்யி, ஏர்போட்டுக்கு ஒரு போன்ல உன்ன எறக்கிருவாங்க. நீ மூணு மணிக்குக் கெளம்பிரு. யாரும் வெளிய போவக் கூடாதுன்ற சீட்டு நான் நாலு மணிக்குதான் ஒட்டுவேன். ஆனா அந்தப் பேருக்கு ஒரு ஆளு வோணும்க்கா."

பானுப்பிரியா கீழே இறங்கி வந்தாள். பதினான்கு நாளில் முதல் தடவையாக நான்கு பேரும் ஒரே அறையில் நின்றார்கள். லோகேஷ் போஸ்டரைக் கிழித்துக்கொண்டு வந்து, அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். போனால் போகட்டும், விசாவை விட்டுவிடலாம் என்றான். அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் போஸ்டரைச் சுருட்ட ஆரம்பித்தான்.

கோமளா அடுப்பை அணைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"ஒரு ஆளு வோணும், அவ்ளோதான? அந்த எச்சிலு என்துதான், பேரு மாத்தி எழுதிகினாங்கன்னு சொல்லிக்கிறேன். தனி ரூமு மேலதான் கீது. நான் போறேன்."

"அவன் உள்ள கீறான்மா," என்றாள் பானுப்பிரியா.

"தெரியும். மூணு நாளா ராவும் பகலும் நடக்கறான். அந்த நடை எனக்குத் தெரியாதா?" அவள் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "அந்தாளுக்குப் பயந்துகினு நீ புள்ளைய இங்க வுட்டுட்டுப் போனேன்னா, உன்னப் பெத்ததே தண்டம். போய்ப் பையை எடு."

பையில்தான் இரண்டு பாஸ்போர்ட்டும். பை மாடி அறையில், நாற்காலிக்கு அடியில்.

அவள்தான் போனாள். அம்மா இரண்டு படி பின்னால். மத்தியான வெளிச்சம் படியில் வெள்ளையாக விழுந்து கிடந்தது. கதவைத் தள்ளினாள். வாடை முகத்தில் அறைந்தது.

நாற்காலி கட்டிலைப் பார்த்து இருந்தது.

அவன் உட்கார்ந்திருந்தான்.

பட்டறைச் சட்டை. தோளில் மாலை. தலை பின்னால் சாய்ந்து, கூரையைப் பார்த்து. வாய் திறந்திருந்தது. குச்சிக்காகத் திறக்கச் சொன்னார்களே, அந்த வாய். மூடச் சொல்ல யாரும் இல்லாததால் மூடாத வாய். உள்ளே பல் இல்லை. நாக்கு இல்லை. இருட்டு மட்டும்.

அவள் குனிந்தாள். பை அவன் கால்களுக்கு நடுவில். கால் இருந்தது. நகத்தில் பட்டறைக் கரி.

"நகரு," என்றாள்.

நகரவில்லை.

"நகருடா."

கால்கள் மெதுவாக ஒதுங்கின. அவள் பையை இழுத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து வாசலுக்கு வந்தாள். ஒரு கணம்கூட முதுகைக் காட்டவில்லை.

கோமளா அவளைக் கடந்து உள்ளே போனாள். தண்ணீர் பாட்டிலை ஜன்னலில் வைத்தாள். தலையணையைக் கட்டிலில் போட்டாள். பக்கத்து வீட்டுக்கு வந்தவள் மாதிரி நிதானமாக, கட்டிலின் விளிம்பில், அவனுக்கு நேர் எதிரே, முழங்காலும் முழங்காலும் முட்டுகிற தூரத்தில் உட்கார்ந்தாள்.

"லோகேஷாண்ட சொல்லு. சோறு வாசல்ல வச்சா போதும். நான் கூப்ட்டாலும் தொறக்கக் கூடாது. என் குரல்ல எது கூப்ட்டாலும்."

கீழே கார் ஹாரன் அடித்தது. ரோஷினி மம்மி என்று கூப்பிட்டது.

பானுப்பிரியா கதவை இழுத்தாள். மூடுகிற இடுக்கில் அவளுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அம்மா அவனுடைய தாடையைக் கையால் பிடித்து, கூரையிலிருந்து தன் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். வாய் அம்மாவின் முகத்துக்கு நேராக வந்தது. இன்னும் திறந்தது. அம்மாவின் முகத்தைவிடப் பெரிதாக. அம்மா பின்வாங்கவில்லை. அதற்குள் குனிந்து எதையோ சொல்ல ஆரம்பித்திருந்தாள், பத்தொன்பது வருடமாகச் சேர்த்து வைத்ததை, தாழ்ந்த குரலில், அவசரமே இல்லாமல்.

கதவு மூடியது. பானுப்பிரியா சாவியை இரண்டு சுற்று திருப்பினாள்.