சுழலும் ஒளியும் சொட்டு மருந்தும்

வில்லாபுரத்தில் ஜெயக்கொடியின் துப்பறியும் அலுவலகத்துக்கு வந்த தீப்தி, மேசைமேல் சில கண்மருந்துக் குப்பிகளை வைத்தாள். உதவியாளன் செல்வக்குமார் ஆர்வக்கோளாறில் ஒன்றைத் திறந்து முகர்ந்தான். சாக்கடை வாடை.

தீப்தி கப்பலூரில் மருந்துக் குப்பிகளுக்கான முத்திரை ஃபிலிம் தயாரிப்பவள். ஒளியில் வலமாகச் சுழல்வதும் உண்டு, இடமாகச் சுழல்வதும் உண்டு. அவள் ஃபிலிமில் வரிசையாக நிற்கும் நுண்கம்பங்கள் ஒன்றை வலப்பக்கமும் மற்றதை இடப்பக்கமும் விலக்கிவிடும். த்ரீடி சினிமாக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால் ஒரு கண்ணுக்கு ஒளிப்புள்ளி இடப்பக்கமும் மறுகண்ணுக்கு வலப்பக்கமும் தெரியும். போலியில் அது நடக்காது. இந்தக் குப்பிகளில் நடந்தது. ஆனால் அந்த மருந்தை விட்டுக்கொண்ட டி. கல்லுப்பட்டி செல்லத்தாய்க்கு ஒரு கண் சீழ்பிடித்துப் போய்விட்டது.

தீப்தியிடம் வேலை பார்க்கும் மேலாளர் முத்திருளன் ஃபிலிமைத் திருடி விற்றிருப்பார் என்று மருந்து மொத்த வியாபாரி அழகுராஜா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஜெயக்கொடியும் செல்வக்குமாரும் அழகுராஜாவைப் பார்க்கப் போனபோது காபி வரவழைத்து உபசரித்தார். ஆஸ்பத்திரிகளில் சேரும் காலிக் குப்பிகளைத் தன் செலவில் வாங்கி அழிப்பதாகவும் பெருமையடித்துக்கொண்டார்.

திரும்பி வந்ததும் ஜெயக்கொடி புது ஃபிலிமையும் குப்பி முத்திரையையும் ஒரே தூரத்தில் வைத்து ஒளி பாய்ச்சி, சுவரில் விழுந்த புள்ளிகளைப் பார்த்தாள். குப்பி முத்திரையின் புள்ளி கொஞ்சம் குறைவாகவே விலகியிருந்தது. எல்லா முத்திரையிலும் அப்படித்தான்.

மறுநாள் காலை போலீசோடு எல்லோரும் அழகுராஜா சரக்கு வைக்கும் கிட்டங்கியில் கூடினார்கள். முத்திருளன் தலைகுனிந்து நின்றார்.

"ஃபிலிம் அசல்தான்," என்றாள் ஜெயக்கொடி. "ஆனா பிடிச்சு இழுத்து உரிச்சா கொஞ்சம் நீளும். கம்பங்களுக்கு நடுவுல இடைவெளி கூடும். இடைவெளி கூடினா ஒளி விலகுறது குறையும். இதெல்லாம் பழைய குப்பியிலருந்து உரிச்சு ஒட்டினது."

"அப்ப முத்திருளன் அண்ணே?" என்றான் செல்வக்குமார்.

"அவர் கையில புது ஃபிலிமே இருக்கு. அவருக்கு உரிக்கிற வேலை எதுக்கு? காலிக் குப்பி யாருக்கு வருதோ, அவருக்குத்தான் அந்த வேலை."

பின்கட்டைத் திறந்தார்கள். பாசி படர்ந்த டிரம் தண்ணீரில் குப்பிகள் ஊறின. சீழ் காய்ந்த பஞ்சுகள் மிதந்தன, மேலே ஈக்கள் மொய்த்தன. செல்வக்குமார் வெளியே ஓடி வாந்தியெடுத்தான்.

அழகுராஜா மறுக்கவில்லை. "குப்பியக் கழுவித்தான மருந்த ஊத்துறோம்," என்றார் சலிப்போடு. "இம்புட்டுப் பேரு வாங்குறாக. நாலு பேருக்குக் கண்ணு கெட்டதுக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம்?"

இப்படிப்பட்டவனிடம் பேசினால் வாயே நாறும்போல் இருந்தது ஜெயக்கொடிக்கு.

செல்லத்தாய்க்கு எந்தக் கண் போனது என்றுகூட அழகுராஜா கேட்கவில்லை. வாசலில் டிரம் தண்ணீர் வழிந்து சேறாகக் கிடந்தது. ஜீப்பில் ஏறும்போது, அது ஒட்டிவிடாமல் தன் வெள்ளை வேட்டியை மட்டும் கவனமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.