பத்து விரல்

பொதுமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு: 1994 ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து ஜார்ஜ்டவுன் ஆஸ்பத்திரி ஒன்றின் ஏழாம் வார்டில் வலி ஒழிக்கப்பட்டது. டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் ஒருவர் வந்து, நாற்பது நிமிடம் பேசி, ரிப்பன் வெட்டி ஒழித்தார். இனி நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியிடம் வலி எவ்வளவு என்று கேட்பார்கள். பேச முடியாதவர் விரல் காட்டலாம். பத்து விரல் என்றால் உடனே ஊசி. மூடிய கை என்றால் பூஜ்யம். வலி குறைந்த வார்டுக்கு மாதாமாதம் கேடயம்.

தொண்டையில் அறுவை முடிந்து, குழாய் வழியே மூச்சுவிட்டுக் கிடந்த குலசேகரம் கண் விழித்தபோது, கட்டில் காலில் தொங்கிய அட்டையில் ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் பூஜ்யம் போட்டிருந்தது. யாரும் அவரைக் கேட்கவில்லை. துறைமுகத்தில் முப்பது வருடம் தலைமைக் கிளார்க்காக இருந்தவர். வலிக்கு முன்னால் அந்தத் தப்பான பதிவுதான் அவரை உறுத்தியது.

பிறகு வலி வந்தது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருதரம் முனக, டெட்டால் நெடியும் பக்கத்துக் கட்டிலின் புளித்த கஞ்சி வாசமும் குழாய்க்குள் இறங்க, கழுத்துக்குள் யாரோ ஈர மணலைத் திணித்துத் திணித்து அமுக்குவதுபோல அது வளர்ந்தது. கத்தினார். குழாயில் காற்று மட்டும் சீறியது.

பக்கத்தில் மனைவி யோகம்மா தோடம்பழத்தின் ஆரஞ்சுத் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். காலடியில் ஒரு வாரத்துக்கான உடுப்புப் பை.

இரண்டு மணி. தள்ளுவண்டி கிறீச்சிட்டு நெருங்கியது. குலசேகரம் பத்து விரல்களையும் போர்வைமேல் விரித்தார்.

யோகம்மா பழத்தை வைத்தாள். அவர் விரல்களைப் பார்த்தாள். உதடு அசைய எண்ணினாள். பத்துவரை.

பிறகு சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாக மடக்கினாள்.

"இஞ்சாருங்கோ," காதோரம் அவள் மூச்சில் தோடம்பழ வாசம். "நான் மூண்டு நாள் பிள்ளை வலியில துடிக்கேக்க டாக்குத்தர் வாசலில நிண்டு கேட்டவர். அவவுக்கு ஒண்டுமில்லை, எங்கட வீட்டுப் பொம்பிளையள் கத்தமாட்டினம் எண்டு சொல்லி நீங்கள் அனுப்பினனீங்கள். பிள்ளை செத்துத்தானே பிறந்தது?"

நர்ஸ் புஷ்பவள்ளி திரை விலக்கினாள். "அங்கிளுக்கு வலி எப்படி, ஆன்ட்டி?"

இரண்டு மூடிய கைகள். அவற்றின்மேல் யோகம்மாவின் கைகள்.

"ஒண்டுமில்லைப் பிள்ளை."

"நல்ல பேஷண்ட்லா! கண்ணுல தண்ணி வருதே?"

"பழம் உரிச்சன். தோல் தெறிச்சது."

பேனா உரசியது. பூஜ்யம்.

"ஆறு மணிக்கும் நீங்க இருப்பீங்களா, ஆன்ட்டி?"

"இஞ்சதான் இருப்பன்."

வண்டி நகர்ந்தது. விசிறி முனகியது. போர்வைக்குள் ஒரு விரல் மெல்ல விரிந்தது. அவள் அதையும் மடக்கினாள்.

அந்த மாதக் கேடயம் ஏழாம் வார்டுக்குக் கிடைத்தது.