நூறு வீதம்

காரை யாரும் எடுக்கவில்லை. காலையில் ஷர்மினி ரயிலுக்குப் புறப்பட்டபோது எண்பது வீதம் என்று கைபேசியில் காட்டிய பற்றரி, மாலை நாலரைக்கு மகளையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது அறுபத்தெட்டு என்று காட்டியது. கார் நின்ற இடத்தில்தான் நின்றது. சுவரிலிருந்த சார்ஜரின் கேபிள் செருகியபடியே கிடந்தது. முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த ஒற்றை இலைகூட இடம் மாறவில்லை.

பன்னிரண்டு வீதம் எங்கே போனது, தானாக இறங்கி நடந்தா போனது? அடுத்த நாள் கார் விற்ற கடைக்குப் பேசினாள். "டிசம்பர் மாதம்தானே, குளிருக்குக் கொஞ்சம் இறங்கும்" என்றான் ஒரு இளைஞன் டேனிஷில், வெகு மரியாதையாக. அந்த ஊரில் அப்படிச் சொன்னால் இனிப் பேச ஒன்றுமில்லை என்று அர்த்தம். அவளும் சரி என்று வைத்துவிட்டாள்.

உண்மையில் அது அவளுடைய காரே அல்ல, மயூரதனுடையது. எட்டு மாதம் காத்திருந்தான். சார்ஜரைத் தொழிற்சாலை நண்பர் ஒருவருக்குத் தெரிந்த மின்வேலைக்காரரைக் கொண்டு ஏப்ரலிலேயே சுவரில் பூட்டிவிட்டு, கார் இல்லாத கொட்டகையில் அதன் பச்சை வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டான். ஆறு வயது ஜெனுஷாவை மடியில் வைத்துக்கொண்டு சொல்லுவான்: "எல்லாரும் எண்பதோட நிப்பாட்டுவினம். நாங்கள் நூறு வீதம் போட்டு, அது முடியுமட்டும் ஓடுவம். எங்க நிக்குதோ அங்க நிப்பம், என்ன?" "ஓம் அப்பா" என்பாள் மகள். அந்தப் பிள்ளை தமிழில் கதைத்தது அப்பாவோடு மட்டும்தான். தாய் தமிழில் கேட்டால் பதில் டேனிஷில் வரும்.

ஒக்டோபர் கடைசியில், தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில், தேத்தண்ணீர்க் கோப்பை கையில் இருக்கும்போதே மயூரதனின் இதயம் நின்றது. நாற்பத்திரண்டு வயது. இறந்தவருக்கு எட்டாம் நாள் படைக்கிற எட்டுச்செலவுக்கு இரண்டு நாள் முன்னர், உங்கள் கார் தயார், வந்து எடுக்கலாம் என்று கடையிலிருந்து அழைத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல ஷர்மினிக்கு மனம் வரவில்லை. அவன் ஆசைப்பட்டது என்று அடுத்த நாளே போய் எடுத்து வந்தாள்.

எட்டுச்செலவுப் படையலை நடத்த எஸ்பியர்க் நகரத்திலிருந்து அவனுடைய அக்கா ஞானேஸ்வரி வந்தாள். "ஆசைப்பட்டது ஒண்டும் விடப்படாது, எல்லாம் வை" என்றாள். ஆட்டிறைச்சி, கணவாய்க் கறி, முட்டை, ஒரு போத்தில் பியர், சிகரெட். ஷர்மினி யோசித்துவிட்டுக் காரின் சாவி அட்டையையும் வாழையிலை ஓரத்தில் வைத்தாள். கதவைச் சாத்தி, அவன் வந்து சாப்பிட்டுப் போக நேரம் விட்டார்கள். பிறகு எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து ஒரு தட்டில் போட்டு ஞானேஸ்வரி அவள் கையில் கொடுத்தாள்.

"இதுதான் கழிப்பு. சந்தியில வைச்சிட்டு நேர வா. ஆர் கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்கப்படாது. இதை வைச்சாத்தான் அவன் வழியைப் பாத்துக்கொண்டு போவான்."

ஷர்மினி போனாள். ஆனால் சந்தியில் பக்கத்து வீட்டு நிக்கலஸ் நாயோடு நின்றுகொண்டிருந்தார். அவளைக் கண்டதும் கையை உயர்த்தினார். இறைச்சியும் பியருமாக ஒரு தட்டை நடுத்தெருவில் வைத்தால் அந்த மனிதர் என்ன நினைப்பார்? நாய் வேறு மூக்கை நீட்டியது. வெட்கம் பிடுங்கித் தின்ன, அவளும் கையை உயர்த்திவிட்டுத் திரும்பி வந்து, தட்டைக் கார்க் கொட்டகையில், அடுக்கியிருந்த டயர்களுக்குப் பின்னால், சார்ஜருக்கு நேர் கீழே வைத்தாள்.

"சந்தியிலதானே வைச்சனி?"

"ஓம் மச்சாள்."

அதற்குப் பிறகு அந்த டயர்களுக்குப் பின்னால் அவள் எட்டிப் பார்க்கவில்லை. பயம் என்று ஒத்துக்கொள்ளமாட்டாள். நேரம் இல்லை என்பாள்.

பற்றரி ஒவ்வொரு நாளும் இறங்கியது. மின்சாரம் மலிவான நேரத்தில் சார்ஜர் தானாக இயங்கி எண்பதுக்கு நிரப்பும். மாலைக்குள் அறுபத்தேழு, அறுபத்தாறு. ஒரு நாள் மதிய இடைவேளையில் அலுவலகத்தில் இருந்தபடி செயலியைத் திறந்து, காரின் நாட்குறிப்பு மாதிரி ஒரு பக்கம் இருப்பதைக் கண்டுபிடித்தாள். ஒவ்வொரு வரியும் ஒரே நேரம். பிற்பகல் மூன்று நாற்பது: உட்புறச் சூடாக்கி இயக்கப்பட்டது. இருபத்தெட்டுப் பாகை.

மூன்று நாற்பது மயூரதன் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிற நேரம். இருபத்தெட்டு அவன் பழைய டீசல் காரில் வைக்கிற சூடு. இதென்ன, அடுப்புக்குள்ளே இருக்கிற மாதிரி என்று அவள் சண்டை பிடித்திருக்கிறாள். கார் வருமுன்னரே அவன் எப்போதோ செயலியில் நேரம் குறித்து வைத்திருப்பான் என்று ஆறுதல் சொல்லிக்கொண்டு அந்தக் குறிப்பைத் தேடினாள். அழித்துவிட்டால் தீர்ந்தது. அங்கே அழிக்க எந்தக் குறிப்பும் இருக்கவில்லை.

சனிக்கிழமை கடைக்குப் போகக் கதவைத் திறந்தாள். புதுக்கார் வாசனைக்குப் பதிலாக, ஆறிப்போன கணவாய்க் கறியும் சிகரெட்டும் ஈரமான தொழிற்சாலை ஜாக்கெட்டும் கலந்த ஒரு மணம், மூடி வைத்த சட்டியைத் திறந்ததுபோல, வெதுவெதுப்பாக முகத்தில் வந்து மோதியது. ஏறி உட்கார்ந்தால் கால் எட்டவில்லை. இருக்கை நீளக் காலுள்ள ஒருவருக்காகப் பின்னால் தள்ளப்பட்டிருந்தது. இருக்கைத்துணி சூடாக இருந்தது. இப்போதுதான் எழும்பிப் போன மாதிரிச் சூடு.

அவள் இறங்கி, சைக்கிளில் கடைக்குப் போனாள்.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் ஜெனுஷா கைபேசியை எட்டிப் பார்த்து, "இன்னும் நூறு வரவில்லை" என்று டேனிஷில் சொன்னாள்.

"ஏன் செல்லம் நூறு?"

"நூறு வந்ததும் போவோம் என்று அப்பா சொன்னாரே."

"அது அப்ப சொன்னது."

பிள்ளை தாயை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு மீன் பொரியலைக் கிளறத் தொடங்கியது. "இல்லை," என்றாள் அமைதியாக, "இப்போதும்தான் சொல்கிறார்."

ஷர்மினிக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. திங்கட்கிழமை கடைக்குப் பேசிக் காரைத் திருப்பிக் கொடுப்பது என்று முடிவெடுத்தாள். நட்டம் வந்தால் வரட்டும்.

திங்கட்கிழமை புயல் வந்தது. ரயில்கள் ஓடவில்லை. பாடசாலை மதியத்தோடு பிள்ளைகளை அனுப்பிவிட்டது. ஷர்மினி வீட்டிலிருந்தே வேலை செய்தாள். ஜெனுஷா சோபாவில் படுத்திருந்து தன் டப்லெட்டில் எதையோ பார்த்தாள். வெளியே காற்று, ஓடுகளைத் தூக்கித் தூக்கிப் போட்டு, குப்பைத் தொட்டியைச் சுவரோடு உரசி, கொட்டகைத் தகரத்தை விரலால் தட்டுவதுபோலத் தட்டிக்கொண்டிருந்தது. கடைக்கு அழைத்தால் புயலால் இன்று கடை பூட்டு என்று ஒரு பதிவுக்குரல் சொன்னது. மூன்றரைக்கே இருட்டிவிட்டது.

மூன்று நாற்பதுக்குக் கைபேசி அதிர்ந்தது.

காற்று அதிகம், மின்சாரம் மிக மலிவு, சார்ஜ் தொடங்கியது. எல்லை: நூறு வீதம்.

அவள் எல்லையை மாற்றவில்லை. எண்பதுக்கு இறக்கினாள். தானாக நூறுக்கு ஏறியது. மறுபடி இறக்கினாள். மறுபடி ஏறியது. மற்றப் பக்கத்திலிருந்து ஒருவர் பொறுமையாகப் பிடித்துத் தள்ளுவதுபோல. அதற்குள் பற்றரி தொண்ணூற்றிரண்டைத் தொட்டிருந்தது.

கொட்டகைக்கு ஓடிக் கேபிளை இழுத்தாள். பூட்டிக்கொண்டு வர மறுத்தது. காரின் கண்ணாடிகளில் எல்லாம் உள்ளே ஆவி படிந்திருந்தது. மின்பெட்டிக்கு ஓடிச் சார்ஜருக்கான சுவிட்சை விழுத்தினாள். பச்சை வெளிச்சம் அணைந்தது.

அப்பாடா என்று கைபேசியைப் பார்த்தாள். தொண்ணூற்று மூன்று. அவள் பார்த்திருக்கத் தொண்ணூற்று நான்கு.

எஸ்பியர்க்கில் இருந்த ஞானேஸ்வரிக்கு அழைத்தாள்.

"மச்சாள், நான் அண்டைக்குச் சந்தியில வைக்கேல்லை."

ஞானேஸ்வரி மெதுவாகக் கேட்டாள்: "எங்க வைச்சனி?"

"கார் நிக்கிற இடத்தில. ஆக்கள் நிண்டவை, வெக்கமாப் போச்சு."

"வீட்டு வாசலிலயோ வைச்சனி? படையலில சாவியையும் எல்லோ வைச்சனாங்கள்." அவளுடைய மூச்சு கேட்டது. "சோறு கிடக்கோ? இருக்கிறதைத் தட்டில போட்டு இப்பவே சந்திக்குக் கொண்டுபோ. பிள்ளை வீட்டுக்குள்ள இருக்கட்டும், கூட்டிக்கொண்டு போகாத. திரும்பிப் பாக்காத ஷர்மினி. ஆரின்ர குரலில கூப்பிட்டாலும் அது அவையள் இல்லை. விளங்குதோ? பாத்தா அவன் உன்னோடயே திரும்பி வந்திடுவான்."

"ஓம் மச்சாள்."

டயர்களுக்குப் பின்னால் கையை விட்டுத் தட்டை எடுத்தாள். ஒரு பருக்கை இல்லை. எலி தின்ற தட்டு இப்படி இராது. விரலால் வழித்துச் சாப்பிட்ட தட்டு. மயூரதன் அப்படித்தான் சாப்பிடுவான்.

மதியச் சோறும் கறியும் அதில் அள்ளிப் போட்டாள். ஜெனுஷாவின் தலையைத் தடவி, "அம்மா ரெண்டு நிமிசத்தில வாறன், கதவு திறக்கப்படாது" என்றாள். பிள்ளை டப்லெட்டிலிருந்து கண் எடுக்காமல் டேனிஷில் சரி என்றது. ஷர்மினி வாசல் கதவை வெளியே பூட்டினாள். காரின் சாவி அட்டை அவளுடைய ஜாக்கெட் பைக்குள் இருந்தது. தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

சந்திக்கு நூறு மீற்றர். காற்று முகத்தில் அறைந்தது. தெருவிளக்குகள் ஆடின. தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தாள்.

பாதி வழியில் பின்னால் ஒரு முனகல் கேட்டது.

அவளுக்கு அந்தச் சத்தம் தெரியும். மின்சாரக் கார் மெதுவாக ஊரும்போது, நடப்பவர்களுக்குக் கேட்கட்டும் என்று தானே போடுகிற சத்தம். உயரவும் இல்லை, குறையவும் இல்லை.

திரும்பாதே.

நடந்தாள். முனகல் நெருங்கியது. நனைந்த தெருவில் டயர் ஒட்டி ஒட்டிக் கழன்றது. அவளுடைய நிழல் முன்னால் நீண்டு விழுந்தது. காரின் வெளிச்சம்.

திரும்பாதே.

"அம்மா!"

ஜெனுஷாவின் குரல். அப்படியே அவள் குரல். ஷர்மினியின் கால்கள் தாமாக நின்றன.

"அம்மா, நாங்கள் போறம்!"

தமிழ்.

என் பிள்ளை என்னோடு தமிழ் கதைக்காது. இது அவள் இல்லை. மச்சாள் சொன்னாள். அது அவையள் இல்லை. பல்லைக் கடித்தாள். நடந்தாள். கண்ணீர் காற்றில் காதுப் பக்கம் ஓடியது. பத்து அடி. ஐந்து. சந்தி. குனிந்தாள். தட்டை வைத்தாள்.

வைத்துவிட்டேன். போங்கோ மயூ. போயிடுங்கோ. பிள்ளையை விட்டிடுங்கோ.

முனகல் அவளைக் கடந்து போனது.

அவள் திரும்பவில்லை. அதுதான் அவள் கண் முன்னாலேயே வந்து, சந்தியில் நின்று, அவன் எப்போதும் ஒழுங்காகப் போடுவதுபோல வலப்பக்கச் சமிக்ஞை போட்டது. உள்விளக்கு எரிந்தது. ஓட்டுநர் இருக்கை நன்றாகப் பின்னால் தள்ளியிருந்தது. இருக்கைப் பட்டி மாட்டியிருந்தது. ஒரு பெரிய உடம்பைச் சுற்றியதுபோல முன்னால் வளைந்து, இறுகி, மூச்சு விடுகிற அளவுக்கு ஏறி இறங்கியது. அதற்குள் ஒருவரும் இல்லை.

பின்கண்ணாடியின் ஆவியை ஒரு சின்னக் கை வட்டமாகத் துடைத்தது. ஜெனுஷா. சூட்டில் கன்னம் சிவந்து, வீட்டில் போட்டிருந்த அதே காலுறைகளோடு, தாயைப் பார்த்துச் சிரித்துக் கையாட்டினாள். பிறகு முன்னிருக்கைப் பக்கம் திரும்பி "ஓம் அப்பா" என்று சொன்ன வாயசைவு தெரிந்தது.

கார் திரும்பிப் பெருந்தெருவை நோக்கிப் போனது. சுவரிலிருந்து கழன்ற கேபிள் அதன் பின்னால் நனைந்த தெருவில் இழுபட்டுக்கொண்டு போனது. ஷர்மினி கத்திக்கொண்டு ஓடினாள், விழுந்தாள், எழும்பினாள். சிவப்பு வெளிச்சம் இரண்டும் மழைக்குள் ஒன்றாகி மறைந்தன.

கைபேசி அதிர்ந்தது.

நூறு வீதம். உட்புறம் இருபத்தெட்டுப் பாகை. மாட்டிய இருக்கைப் பட்டிகள்: இரண்டு.

அவள் பார்த்துக்கொண்டிருக்க, நூறு தொண்ணூற்றொன்பதானது.