வரையாத முகம்

துறைமுகச் சாட்சி வரைவுக் கூடத்தில் காலை பத்து மணிக்கு பர்வீன் செய்யும் முதல் வேலை, வெள்ளைத் தாள்களையும் சீவிய பென்சில்களையும் மேசையில் எடுத்து வைப்பது. வாய்மொழிச் சாட்சியம் செல்லாது என்று சட்டம் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. வாய் பொய் சொல்லும், கை அவ்வளவு சுலபமாகச் சொல்லாது என்றார்கள். கண்டதைச் சாட்சி தன் கையாலேயே வரைய வேண்டும். கோணல்மாணலாக இருந்தாலும் போதும். ஸ்கேனரில் வைத்தால் வார்ப்பி என்ற இயந்திரம் அதை முப்பரிமாண உருவமாக எழுப்பிவிடும்.

அன்று வந்தவர் லூர்தம்மாள். வயது அறுபத்திரண்டு. மூன்று நாளைக்கு முன், ஐஸ் கம்பெனிச் சந்தில் படகு உரிமையாளர் ஒருவரை யாரோ இரும்புக் கம்பியால் அடித்துக் கொன்றதை ஜன்னல் வழியாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

"முதுகைத்தாம்மா பாத்தேன். மூஞ்சி தெரியல" என்றார்.

"பார்த்ததை மட்டும் வரைங்கம்மா."

அரைமணி நேரம் வரைந்தார். சுவர், சந்து, கையை ஓங்கி நிற்கும் ஒரு ஆணின் முதுகு. இடது தோள் சற்றே இறங்கியிருந்தது. கழுத்து முன்னே நீண்டிருந்தது.

எல்லோருடைய உடலும் முகமும் பதிவாகியிருக்கும் மக்கள் உடற்பதிவோடு வார்ப்பி அந்த முதுகை ஒப்பிட்டது. வரையாத பாகத்தைப் பதிவிலிருந்து எடுத்து நிரப்புவது அதன் வழக்கம். அப்படி நிரப்பிய பாகமும் சட்டப்படி சாட்சியம்தான். அறையின் நடுவே ஒளியுருவம் எழுந்து மெல்லத் திரும்பியது.

லூர்தம்மாள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "இது எம் மவன் கிளாட்வின்."

பர்வீனுக்கு உடனே புரிந்தது. பதற்றத்தில் கை தனக்கு நன்றாகப் பழகிய முதுகை வரைந்திருக்கிறது. இந்த அம்மாவுக்குப் பழகிய முதுகு ஒன்றே ஒன்று.

வழக்கை விசாரிக்கும் ஆய்வாளர் தங்கதுரையைத் தனியே அழைத்துச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது சரியாக்கூட இருக்கலாம்மா. ஆனா அதை வாயால சொல்றீங்களே. கோர்ட்டுல செல்லாது."

"அவங்க படத்தைத் திரும்ப வாங்கிக்கட்டுமே?"

"ஸ்கேனருக்குள்ள போனது போனதுதான். மூணு நிமிஷம் அவங்க உருவத்தைச் சுத்திப் பாக்கணும். அது விதி."

லூர்தம்மாள் பார்த்தார். முதல் நிமிடம் அழுதபடி தலையை ஆட்டி மறுத்தார். இரண்டாவது நிமிடத்தில் அழுகை நின்றது. மூன்றாவதில் உருவத்தின் அருகே போய், ஓங்கிய கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போகும்போது ஒரு தடவ திரும்பினான். இப்பத்தான் ஞாபகம் வருது" என்றார் மெதுவாக.



மதியம் கிளாட்வினை அழைத்து வந்தார்கள். பெயிண்ட் படிந்த சட்டை, வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தான். அம்மாவைக் கண்டதும் அருகே ஓடினான். அவர் இரண்டடி பின்வாங்கினார்.

"ஏல, அன்னைக்கு நீ எங்க இருந்த?"

"உனக்குச் சுகர் மாத்திரை வாங்கப் போயிருந்தேம்மா. நீதான அனுப்புன? வாங்கிட்டு வந்து உங் கையிலதான குடுத்தேன்?"

லூர்தம்மாள் அவன் முகத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"எனக்கு அப்படி ஞாபகம் இல்லியேல" என்றார்.